சான்றிதழில் ஒன்று, செபத்தில் ஒன்று

சேசு மரி சூசை

பூலாம்பாடி

அன்பு மகளுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பன் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

ஹாஸ்டலில் கூட இருக்கிற பிள்ளைகள் 'பால் பவுடருக்கு மதம் மாறின கூட்டம்' என்று சொன்னார்களாம். நீ கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாயாம். அதோடு விட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இந்து ஆதிதிராவிடர் என்று சாதிச் சான்றிதழ் வாங்கினால் குரூப் 4 சுலபம் என்று யாரோ சொல்ல, வேப்பந்தட்டை தாலுகா ஆபீசில் யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டாயாமே!

முடிவு உன்னுடையது. படித்த பிள்ளை, நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பவுடரை உன் கொள்ளுத்தாத்தாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கின வருஷம் அறுப்புக்கு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. கூலி போயிற்று, கோயிலை விடவில்லை. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் நடந்தே போய்விட்டு, பசியோடு திரும்பி வந்தவர் அவர்.

உனக்கு ஆத்திரம் வருவது நியாயம். எனக்கும் அது ஆறவே இல்லை. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றார்கள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் தெரு மாறிவிடுகிறதா? டீக்கடைக்காரர் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறதா? சில ஊர்களில் நம் கோயிலைச் சேர்ந்தவர்களே நமக்குத் தனிக் கல்லறை காட்டினார்கள். அவர்களுக்கு நாம் பழைய ஆட்கள்தான், அரசாங்கத்துக்கு மட்டும் பிற்படுத்தப்பட்டவர்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு நான் காத்திருந்தபோது, அதே தெருவில் என்னோடு படித்தவர்கள் வேலைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை மாற்றி எழுது என்று எனக்கும் சொன்னார்கள். எழுதவில்லை.

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நீயும் உன்னைப் போன்ற பிள்ளைகளும் தாளில் இந்துவாகிவிட்டால் அந்த உரிமையைக் கேட்க யார் மிச்சம்? அநியாயத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும், ஒளிந்துகொண்டு தாண்டக் கூடாது.

இன்னொன்றும் பார். புதுச்சேரியில் ஒரு பெண் அரசு வேலைக்காக இதையே செய்யப் பார்த்தாள். ஞானஸ்நானம் வாங்கி, கோயிலுக்கும் போய்க்கொண்டு, இந்து என்று சான்றிதழ் கேட்டாள். 2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் அவள் வழக்கைத் தள்ளியது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. வேலையும் போய், மானமும் போய் நீ நிற்பதை நான் பார்க்க வேண்டாம்.

வேதத்துக்காக உயிரையே கொடுத்த நம் புனிதர் தேவசகாயத்தை நினைத்துப் பார். அவர் அரண்மனை வேலையில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்பார்கள். வேதத்தை விட்டால் உயிர் மிச்சம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். விடவில்லை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவித்தபோது பெயரின் பின்னால் இருந்த சாதிப் பட்டம் இல்லை. எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம். அவர் மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புருஷன் சிறையில் கிடக்க, சொந்தபந்தம் எதிர்த்து நிற்க, அந்த அம்மாளும் வேதத்தை விடவில்லையே. உன்னைச் சுட யாரும் வரவில்லை, மகளே. கேலிதான் செய்கிறார்கள்.

அதிகம் திட்டிவிட்டேனோ என்று பெரியம்மா கேட்கிறாள். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கினவள் நீதான். இந்தத் தெருவில் உன்னைப் போலப் பொறுப்பான பிள்ளை இல்லை என்று நான் சொல்லாத ஆள் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்றே நீ ஜெயிப்பாய். கோச்சிங் பீஸைப் பற்றிக் கவலைப்படாதே, மக்காச்சோளம் விற்ற பணம் இருக்கிறது. இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த முறை எழுது, அதற்கும் நான் தருகிறேன். சின்ன வெங்காய வடகம் அப்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணு. அதுவரைக்கும் தாலுகா ஆபீஸ் பக்கம் போகாதே.

பெரியப்பா