மனு எழுதத் தெரிந்த கை

கேள்வி: தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் வெளியூரில். பென்ஷன் வருகிறது, குறையில்லை. ஆனால் காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கெடார்

பதில்: ஓய்வு கொடுத்தது உங்கள் நாற்காலிக்கு, கைக்கு இல்லை. வரும் திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஏறுங்கள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். சர்வே எண் எழுத வேண்டிய இடத்தில் பட்டா எண்ணை எழுதி, ரேஷன் கார்டு நகலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். மனுவைச் சரியாக எழுதிக் கொடுப்பது உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை; அது இல்லாவிட்டால் அவர்களுக்கு மாதக்கணக்கில் அலைச்சல்.

உங்கள் பக்கத்து இருளர் குடியிருப்புகளையும் விசாரியுங்கள். பழங்குடிச் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அது இல்லாமல் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடையாது. திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்து இந்த மாதிரி வேலைகளைத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு வயதெல்லாம் அவர் கணக்கில் வரவே இல்லை.

ஹார்வர்டில் 1938 முதல் மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். முதுமையில் தெம்பு தருவது பணத்தைவிட நல்ல உறவுகளே என்கிறது அந்த ஆய்வு. மனு எழுதிக் கொடுக்கப் போனால் புது உறவுகள் சேரும். பிள்ளைகளிடம் போனில் “சாப்பிட்டியா?”வைத் தாண்டிப் பேசவும் உங்களுக்கு விஷயம் கிடைக்கும்!

வெள்ளைத்தாள், ஸ்டேப்ளர், இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். காசு வாங்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.