பழைய பெர்குஸன் டிராக்டரில் எரிபொருள் கோளாறுகள்

மழைக்குப்பின் நிலம் உழவுக்குப் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் டிராக்டர் நடுவயலில் நின்றுவிடுமாயின், அதைக் கிளப்புவதற்குள் ஈரம் காய்ந்து விதைப்புத் தவறிப்போதலும் உண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட டி.இ.20 என்னும் பெர்குஸன் டிராக்டர்கள் பல நாடுகளில் இன்னும் ஓடும் நிலையிலிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் கீழ்க்கண்ட விஷயங்களை அறிந்திருத்தல் நலம்.

கார்புரேட்டரின்மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் மின்பொறியைச் சேர்ந்தது. ஆகையால் முதலில் ஸ்பார்க் பிளக்கில் பொறி நன்றாக விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இவ்வியந்திரத்தில் எரிபொருள் தொட்டி மேலே இருப்பதால், பெட்ரோல் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தைப் பிடித்துக் குழாய்த்திருகைத் திறந்தால் இடையறாத தாரை விழவேண்டும். அப்பொழுது பீடியோ விளக்கோ அருகில் இருத்தலாகாது. இயந்திரமும் ஆறியிருக்க வேண்டும். தாரை முதலிலிருந்தே மெலிந்திருந்தால் வடிகட்டியில் அழுக்கு அடைத்திருக்கிறது. முதலில் நன்றாக விழுந்து பின்பு குறைந்தால், தொட்டி மூடியிலுள்ள காற்றுத்துவாரம் அடைபட்டிருக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தியவுடன் தாரை மீண்டால் சந்தேகமே இல்லை. இவ்வற்பக் காரணத்திற்காகக் கார்புரேட்டர் முழுவதையும் பிரித்துப் போட்டு ஒரு நாளை வீணாக்குவோர் அநேகர்.

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் முத்துப்போல் உருண்டு நிற்பது ஜலம். இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜலம் மிகுந்தால் எத்தனாலும் ஜலமும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். அத்தகைய பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைத்தல் கூடாது. பழைய ரப்பர்ப் பாகங்களையும் அது கெடுக்கக்கூடும்.

புகைபோக்கியில் கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டர் வழியே இயந்திரம் தும்மினால் பெட்ரோல் போதவில்லை. போதாமைக்குப் பெரும்பாலும் ஜெட்டின் அடைப்பே காரணம். அதைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை நுழைப்போர் பித்தளைத் துவாரத்தைப் பெரிதாக்கி, பிறகு கரும்புகைக்குக் காரணம் தேடி அலைவர். பெட்ரோல் வழிந்தால் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கவும். உள்ளே சலசலத்தால் அது ஓட்டையாகிக் கனத்துவிட்டது. ஊசி வால்வு மூடாது. ஈயம் வைத்து அடைப்பின் அதன் எடை கூடும். ஆகவே புது மிதவையே உத்தமம்.

மண்ணெண்ணெய் இனத்து டிராக்டர் எண்ணெயால் ஓடும் வகை 1949-இல் வந்தது. அதைப் பெட்ரோலால் கிளப்பி, நன்கு சூடேறிய பின்னரே எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால், எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழவழப்பெண்ணெயோடு கலந்து, அதை நீர்க்கச் செய்துவிடும். அளவுகோலில் எண்ணெய் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். தாங்கிகள் தேயுமுன் உடனே மாற்றிவிட வேண்டும். மாலையில் நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி ஓட்டினால், காலையில் கிளப்புவதில் தொல்லையிராது.