மரத்தவளையைப் பேணும் முறை

மழைக்காலத்தில் குளியலறைச் சுவர்களிலும் கிணற்றடி மரங்களிலும் காணப்படும் மரத்தவளை, இந்தியாவின் பல பகுதிகளில் வாழ்வது. பொலிபீடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். விரல்நுனிகளிலுள்ள வட்டத் தட்டுகளின் உதவியால் வழுவழுப்பான சுவரிலும் இது ஏறும். வகுப்பில் வைத்து நோக்க விரும்புவோர், முதலில் வனத்துறையினரிடம் அனுமதி பற்றிக் கேட்டறிதல் வேண்டும்.

தோலின் இயல்பு

தவளை வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. சுவாசத்திலும் தோலுக்குப் பங்குண்டு. ஆகவே தோலில் படும் சோப்பும் எண்ணெயும் பூச்சிமருந்தும் எளிதில் உடலினுட் புகும். இத்தவளை தன் தோலில் சுரக்கும் மெழுகு போன்ற பொருளைக் கால்களால் உடலெங்கும் பூசிக்கொண்டு, பகல் முழுவதும் கால்களை மடக்கி அசையாதிருக்கும். இப்பூச்சு உடலின் நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. பகலில் இது உலர்ந்து வெளிறித் தோன்றுவது நோயன்று. அப்போது கையால் தடவினால் அப்பூச்சு அழியும்.

உறைவிடம்

அகலத்தினும் உயரம் மிகுந்த கண்ணாடித் தொட்டி ஏற்றது. 30 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் ஒரு தவளைக்குப் போதும். வாயைக் கொசுவலைத் துணியால் மூடுக. கம்பிவலையில் மோதினால் மூக்குநுனி புண்படும். உள்ளே சாய்வாகக் கிளைகளும், ஆழமற்ற நீர்க் கிண்ணமும் வைத்தல் வேண்டும். கிணற்றுநீர் அல்லது மழைநீர் நன்று. குளோரின் கலந்த குழாய்நீராயின் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துப் பயன்படுத்துக. நீரை நாள்தோறும் மாற்றுக. தொட்டியின்மேல் நேர்வெயில் படலாகாது.

உணவு

அந்தி சாய்ந்தபின் உயிருள்ள சிள்வண்டு, வெட்டுக்கிளி, விட்டில் ஆகியவற்றை இடுக. பூச்சியின் பருமன் தவளையின் இரு கண்களுக்கிடையேயுள்ள அகலத்தை மிஞ்சலாகாது. மருந்து தெளித்த வயல்களிலிருந்து பிடித்த பூச்சிகளை விலக்குக.

கையாளுதல்

தொட்டியைத் துப்புரவு செய்யும்போதன்றித் தவளையைத் தொடாதிருத்தல் நலம். தொட நேரின், கைகளைச் சோப்பின் சுவடின்றி அலசி, ஈரம் உலராமுன் இரு கைகளையும் குவித்து ஏந்துக. காலைப் பிடித்துத் தூக்கலாகாது. பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. தவளையின் தோலில் சால்மொனெல்லாக் கிருமிகள் இருத்தல் கூடும்.

விடுவித்தல்

வேறுவேறு இடத்துத் தவளைகளை ஒரே தொட்டியில் வைத்தலும், பிடித்த இடமன்றி வேறிடத்தில் விடுதலும் தவறு. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சை இனம் ஒன்று 1999இல் விவரிக்கப்பட்டது. பல நாடுகளில் தவளையினங்கள் குன்றியதற்கு அதுவும் காரணமாகும். ஈரத்தின் வழியாகவும் அது பரவும். எனவே சில நாள் நோக்கியபின், மாலை வேளையில், பிடித்த இடத்திலேயே தவளையை விடுவித்து, தொட்டியைக் கழுவி நன்கு உலர்த்துதல் வேண்டும்.