பேராக் கிளினிக்குகளுக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு

நீரிழிவுக்கான தேசிய மருத்துவ வழிகாட்டியின் 6-ஆம் பதிப்பு (2020) உங்கள் மேசையில் இருக்கும். நல்ல புத்தகம். ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்றால், இந்தியர்களிடையே அது 31.4. புத்தகத்தில் உள்ளது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

1. மருந்து எழுதுமுன் வேலை நேரத்தைக் கேளுங்கள். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவில் இரவு ஜாகா வேலை பார்க்கிறார்கள். 'காலைச் சாப்பாட்டுக்கு முன்' என்று கிளிக்லாசைட் கொடுத்தால், ஏழு மணிக்கு வீடு வந்து மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிடுவார். பத்து மணிக்குச் சீனி இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்துக் கிடப்பார். அவருடைய முதல் சாப்பாடு எப்போதோ அதற்கு எழுதுங்கள். இப்படிச் சீனி இறங்கும் ஆபத்து உள்ளவருக்கு எச்பிஏ1சி இலக்கை 7.1–8.0 விழுக்காடு வரை தளர்த்த வழிகாட்டியே இடம் தருகிறது.

2. இன்சுலின் என்றால், வீட்டில் ஐஸ்பெட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண்பானை, நடுவில் ஈர மணல். செய்து காட்டுங்கள்.

3. ரமலான் நோன்புக்கு மருந்தை மாற்றும் முறை வழிகாட்டியில் விவரமாக உண்டு. அதே அக்கறையோடு தைப்பூச விரதத்தையும் புரட்டாசிச் சனியையும் விசாரியுங்கள். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் தானாகச் சொல்ல மாட்டார். விரதத்தை விடச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கப் போகிறார். போகுமுன்னும் வந்த பின்னும் விரலிடுக்கு வரை பாருங்கள்.

4. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தோட்டத்தில் பிறந்தும் பிறப்பு பதியாமல், ஐசி இல்லாமல் இருப்பவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று கார்டில் எழுதுமுன் ஐசி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றே சமூகநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

5. கண், பாதம், சிறுநீர்ச் சோதனைகளை ஒரே நாளில் முடியுங்கள். சுங்கை சிப்புட்டின் உள்தோட்டத்திலிருந்து இரண்டு தடவை வருவதென்றால் இரண்டு நாள் சம்பளம் போகும்.

6. தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல வைத்தியம் குறைவு என்று 1971-லேயே எழுதினார் வேல்ஸில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டூடர் ஹார்ட். கிளினிக்கின் சராசரி எண் உங்களை ஏமாற்றும். அதில் வந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். மாதந்தோறும் வராதவர் பட்டியலை எடுத்து, எந்தப் பகுதி, என்ன வேலை என்று பிரித்துப் பாருங்கள். போன் நம்பர் அடிக்கடி மாறும். பதியும் அன்றே, அவர் சம்மதத்தோடு, மகளுடைய நம்பரையும் வாங்கி வையுங்கள்.