சேலைக்கு உள்ளே

கேள்வி: என் பாட்டி உள்பாவாடை கட்டியதே இல்லையாம். அவர் பெட்டியில் அரச இலை வடிவில் சின்ன வெள்ளித் தகடு ஒன்று கிடைத்தது. "குழந்தையில எனக்குப் போட்டது" என்று சிரிக்கிறார். அந்தக் காலப் பெண்கள் உள்ளாடையே அணியவில்லையா? கோயில் சிலைகளில் கச்சு இருக்கிறதே?
– வாசகி, அண்ணாகிராமம்

பதில்: அந்தத் தகட்டுக்கு அரைமூடி என்று பெயர். நடை பழகும் பெண்குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள். வசதியான வீட்டில் வெள்ளி, பெரிய இடமென்றால் தங்கம். பாவாடை கட்டும் வயது வந்ததும் கழற்றிவிடுவார்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாட்டி சொன்னதும் உண்மைதான். அன்றைய கைத்தறிச் சேலை கனமானது. பின்கொசுவம் வைத்துக் கட்டினால் இடுப்பைச் சுற்றித் துணி இரட்டையாக நிற்கும். குனிந்து நாற்று நட்டாலும் விலகாது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் பழஞ்சேலையைக் கிழித்து மடித்து, இடுப்புக் கயிற்றில் முன்னும் பின்னும் கோவணம் போலச் செருகிக்கொள்வார்கள். மெல்லிய மில் சேலையும் வாயிலும் நைலக்ஸும் வந்த பிறகுதான் உள்பாவாடை இல்லாமல் முடியாது என்று ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1690இல் கடலூரில் புனித டேவிட் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனிக்கு முக்கிய வியாபாரமே துணிதான். இந்தக் கரையில் நெய்த லாங்கிளாத் சீமைக்குப் போய், அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்சட்டையாகத் தைக்கப்பட்டது. நெய்தவர் வீட்டுப் பெண்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை!

கச்சுக்கு வருவோம். இன்றைய 'பாடி' போல அதை ரவிக்கைக்குள் மறைத்துப் போடவில்லை. வெளியே தெரியத்தான் கட்டினார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கவனியுங்கள். பெருமாளுக்கு வலப்பக்கம் நிற்கும் ஸ்ரீதேவியின் மார்பில் குறுகலான பட்டை ஒன்று ஓடும். இடப்பக்கத்துப் பூதேவிக்கு அது இருக்காது. யார் எந்தத் தேவி என்று கண்டுகொள்ள அதுவே அடையாளம். வெட்கத்துக்கும் அந்தப் பட்டைக்கும் முடிச்சுப் போட்டால் பூதேவிக்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் வழக்கத்தில் இல்லாதது வேறு, கூடாது என்று தடுத்தது வேறு. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த குமரிப் பகுதியில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதைச் சாதிக் கட்டுப்பாடு தடுத்தது. மீறி அணிந்தவர்களின் துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்றுதான் அனுமதி ஆணை வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள்.