காப்பகமும் விடுமுறைக் கட்டணமும்

குழந்தையைப் பிறரிடம் ஒப்புவித்துவிட்டுத் தொழிலுக்குச் செல்லுதல் நம் நாட்டுத் தாய்மார்க்குப் புதிய வழக்கமன்று. நாற்று நடவும் களை பறிக்கவும் சென்றவளின் குழந்தையைப் பாட்டியோ, அத்தையோ, மூத்த மகளோ வைத்துக்கொண்டிருந்தனர். அவர்கட்குக் கூலி இல்லை. ஆதலின் விடுமுறையும் இல்லை. இன்று அவர்தம் இடத்தைப் பல ஊர்களில் குழந்தைக் காப்பகம் ஏற்றுக்கொண்டுள்ளது. கூலி வந்தது, அதனோடு விடுமுறையும் வந்தது, இரண்டும் சேர்ந்து ஒரு வழக்கையும் கொணர்ந்தன. பண்டிகைக்காகக் காப்பகம் மூடப்படும் நாள்களுக்கும் பெற்றோர் கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டவரோ, அல்லரோ என்பதே அவ்வழக்கு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குக் கல்லாவியை நிலைக்களமாகக் கொள்வாம். கல்லாவி கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தைச் சார்ந்த ஊர். மாவும் புளியும் விளையும் புன்செய் நாட்டின்கண் அமைந்தது. போச்சம்பள்ளி, பர்கூர்ப் பகுதிகளில் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. கைக்கடிகாரமும் இருசக்கர வண்டியும் சரக்குந்தும் செய்யும் ஒசூர் இதே மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ளது. எல்லையைக் கடந்தால் கருநாடகத்து அத்திப்பள்ளி. போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்வண்டித் தொழிற்சாலை முழுவதும் பெண்களைக் கொண்டே நடத்தப்படும் என்று 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் அறிவித்தனர். இத்தகைய வட்டாரத்தில் தாய்மார் இருவகையினர் ஆவர்: திங்கட் சம்பளம் பெறுவோர் ஒரு வகை; மாந்தோப்பிலும் கட்டட வேலையிலும் நாட்கூலி பெறுவோர் மற்றொரு வகை. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் கொள்க. நம் முடிவு இதனையே பற்றி நிற்கும்.

முதற்கண் பெற்றோர் தரப்பைக் கேட்போம். “தறி ஓடாத நாளுக்கு நெய்பவர் கூலி கேட்பதில்லை, வண்டி பூட்டாத நாளுக்கு வண்டிக்காரர் வாடகை கேட்பதில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் குழந்தை எம் வீட்டிலேயே இருந்தது. உணவும் யாமே ஊட்டினோம். தூங்கவும் யாமே வைத்தோம். செய்யாத பணிக்குக் கூலி எங்ஙனம் பொருந்தும்?” என்பது அவர்தம் வாதம். இது புறந்தள்ளத் தக்கதன்று. உழைத்து ஈட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது ஏழையின் உரிமையே.

இனிக் காப்பகத்தார் கூறுவர்: “காப்பகத்தை மூடினும் கட்டட வாடகை நிற்பதில்லை. ஆயாவின் வீட்டு அடுப்பும் அணைவதில்லை. விடுமுறை கழிந்து நீங்கள் வரும்போது உங்கள் குழந்தைக்குரிய இடம் ஒழிந்திருத்தல் வேண்டும். அதனை முகமறிந்த ஆயாவும் அங்கே இருத்தல் வேண்டும். அவ்விரண்டையும் காத்து வைப்பதற்கன்றோ திங்கட்கட்டணம்?” என்பர்.

இவ்விரண்டனுள் எது வலியுடைத்து என்பதைக் கல்லூரி மாணவராகிய நாம் நம் விடுதி வாழ்க்கை கொண்டே ஒருவாறு அறியலாம். கோடை விடுமுறைக்கெனக் கல்விக் கட்டணத்தில் கழிவு தருக என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. ஆனால் பங்கீட்டு முறையில் நடக்கும் விடுதிகளில் உணவுச் செலவு உண்ட நாள்களுக்கே கணக்கிடப்படுகின்றது. முன்னது ஆண்டு முழுமைக்கும் இடத்தையும் ஆசிரியரையும் நிறுத்தி வைக்கும் செலவு. பின்னது அன்றன்று செய்யப்படும் செலவு. காப்பகக் கட்டணத்தினுள்ளும் இவ்விருவகைச் செலவும் கலந்தே உள்ளன. அவற்றைப் பிரித்தறியாமையே பூசலுக்கு மூலம் என்க.

ஒரு கணக்கு இதனை விளக்கும். ஒரு சிறு காப்பகத்தில் 20 குழந்தைகள் உள்ளனர் என்றும், குழந்தை ஒன்றுக்குத் திங்கட்கட்டணம் 1,300 ரூபாய் என்றும், திங்களுக்கு வேலைநாள் 26 என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 50 ரூபாய் ஆகின்றது. பொங்கலுக்கு மூன்று நாள் மூடி அக்கட்டணத்தைக் கழித்தால் காப்பகத்துக்கு 3,000 ரூபாய் குறையும். அம்மூன்று நாள்களில் அதற்கு மிஞ்சுவது யாது? குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் உணவுச் செலவு எனின், 600 ரூபாயே. எஞ்சிய 2,400 ரூபாயை ஈடுசெய்ய வேண்டியவர் யார்? வீட்டுக்குச் சொந்தக்காரர் வாடகையைக் குறைக்கமாட்டார். ஆகவே அச்சுமை காப்பகத்துள் மிகவும் வலிகுறைந்தவரைச் சென்று சேரும், அவர் ஆயாவே.

மற்றொரு வகையாலும் நோக்குவோம். ஆண்டுக்கு 312 வேலைநாள். ஆண்டுக் கட்டணம் 15,600 ரூபாய். ஒன்பது நாள் விடுமுறைக்குக் கட்டணம் வாங்குவதில்லை எனக் காப்பகத்தார் உறுதி கூறி, அதே வருவாயை மீதி 303 நாள்களில் ஈட்ட முற்படின், நாட்கட்டணம் ஏறத்தாழ ஐம்பத்தொன்றரை ரூபாய் ஆகும். பெற்றோர் செலுத்தும் தொகை மாறவில்லை. அதன் பெயரே மாறிற்று. ஆதலின் விடுமுறைக் கட்டணம் என்பது புதிதாய்ச் சுமத்தப்படும் தண்டம் அன்று. ஆண்டுக் கட்டணத்தின் ஒரு கூறே. ஆனால் இக்கூற்று, விடுமுறை நாள்கள் முன்னரே அறிவிக்கப்பட்ட இடத்து மட்டுமே பொருந்தும். முன்னறிவிப்பின்றி மூடிவிட்டுக் கட்டணமும் கேட்பாராயின் அது நீதியன்று.

நம் நாட்டுச் சட்டமும் இக்கொள்கைக்கு அரண் செய்கின்றது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், வேறு ஐந்து பண்டிகை நாள்களும் ஆக ஒன்பது நாள்களுக்குத் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு விடுமுறை அளிக்குமாறு அது விதிக்கின்றது. தொழிற்சாலைப் பணிசெய்யும் தாய் பொங்கலன்று பொறியைத் தொடவில்லை. எனினும் அந்நாட் சம்பளம் அவள் கையில் சேர்கின்றது. அதனைத் தன் உரிமை என்று கொள்பவள், தன் குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் மற்றொரு பெண்ணுக்கு அதே நாளில் அதே உரிமையை மறுத்தல் எங்ஙனம்? ஆயாவும் தொழிலாளியே; அவள் வீட்டிலும் பொங்கற் பானை உண்டு.

ஆயினும் எல்லைப்புறத்தில் இவ்வாதம் முழுதும் செல்லாது. தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி மூன்று நாள் அரசு விடுமுறை உண்டு. கருநாடகத்திலோ சங்கராந்தி ஒருநாளே. ஒசூரில் குடியிருந்து அத்திப்பள்ளியில் வேலை செய்யும் தாய்க்கு மாட்டுப்பொங்கலன்று ஆலைச் சங்கு ஊதும், காப்பகமோ பூட்டியிருக்கும். நவம்பர் முதல் நாளில் நிலைமை மாறும்: கருநாடகத்து மாநில நாளாகையால் அவளுக்கு ஓய்வு, காப்பகம் திறந்திருக்கும். மாட்டுப்பொங்கலன்று அவள் காப்பகத்துக்கும் கட்டணம் செலுத்தி, அண்டை வீட்டாருக்கும் பணம் கொடுத்துக் குழந்தையை விட்டுச் செல்ல நேரும். இஃது இரட்டைச் சுமை. இத்தகையோர்க்குக் கட்டணக் கழிவினும் சிறந்த உதவி, அன்று காப்பகத்தில் ஓர் ஆயாவையேனும் முறை வைத்து இருத்தி, அவர்க்கு மற்றொரு நாள் ஓய்வளித்தலேயாம்.

இனி, நாட்கூலி பெறும் தாயின் நிலை யாது? தோப்பில் காய் பறிக்காத நாளுக்கு அவளுக்குக் கூலி இல்லை. பொங்கல் மூன்று நாளும் அவளுக்கு வருவாய் அற்ற நாள்களே. அந்நாள்களுக்கு அவளிடம் கட்டணம் வாங்குதல், இல்லாத கூலியினின்றும் கூலி கேட்பதாகும். வாங்காது விடினோ ஆயா பட்டினி கிடப்பாள். ஓர் ஏழையின் விடுமுறைக்கு மற்றோர் ஏழை விலை கொடுக்குமாறு அமைந்த ஏற்பாடு செம்மையான ஏற்பாடு ஆகாது. இவ்விடத்தே மூன்றாமவர் ஒருவர் வருதல் வேண்டும். அவர் அரசும் முதலாளியுமே.

அங்ஙனம் வருதல் புதுமையன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகட்குக் காப்பகம் அமைக்குமாறு பணித்தது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவரோ பணிபுரியும் நிறுவனங்கட்குக் காப்பக வசதியைக் கடமையாக்கி, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணவும் இடம் தந்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இக்கடமையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காப்பகத் திட்டத்தில், திங்களுக்கு 26 நாள் திறந்திருக்கும் காப்பகங்களில், வறுமைக்கோட்டின் கீழுள்ளோர்க்கு 20 ரூபாயும், வருவாய் 12,000 ரூபாய் வரை உள்ளோர்க்கு 100 ரூபாயும், அதற்கு மேற்பட்டோர்க்கு 200 ரூபாயும் திங்கட்கட்டணமாக வகுக்கப்பட்டன. நாளெண்ணிக் கழிக்காமல், வருவாய்க்குத் தக்கபடி வாங்கும் முறை இது. வெளிநாட்டிலும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 42 நாள் வரை வராத நாள்களுக்கும் அரசின் உதவித்தொகை கிடைக்கின்றது. கட்டணம் வாங்கப்படும் பொது விடுமுறை நாளும் அக்கணக்கில் சேரும். ஆங்கே விடுமுறைச் சுமையின் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கின்றது.

மேற்கூறியவற்றால் யாம் காணும் முடிவுகள் இவை. ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தால் அறிவிக்கப்பட்ட விடுமுறைக்குக் கட்டணம் வாங்குதல் முறையே. ஆனால் அந்நாளின் உணவுச் செலவைக் கழித்தல் வேண்டும். அங்ஙனம் வாங்கிய பணத்தில் ஆயாவின் விடுமுறைச் சம்பளமே முதற்செலவாதல் வேண்டும். ஆயாவின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு பெற்றோரிடமும் கட்டணம் வாங்கும் காப்பகம் இருபுறமும் அநீதி இழைப்பதாகும். கூரை ஒழுகியது, ஆள் வரவில்லை என்றாற்போலத் தம் குறையால் மூடிய நாளுக்குக் காப்பகத்தார் கட்டணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். நாட்கூலித் தாயினிடம் விடுமுறைக் கட்டணம் வாங்குதல் ஒழிக. அவள் பங்கை அரசு ஏற்குமாறு ஊரார் கேட்பாராக.

சுருங்கக் கூறின், விடுமுறை நாளுக்குக் கூலி பெறுபவர் அந்நாளுக்குக் கூலி கொடுக்கவும் கடவர். பெறாதவரிடம் கேட்டல் தகாது. இக்கல்லூரியினின்று வெளியேறி ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமரப்போகும் நம்மிற் பலர் நாளை இக்கட்டணத்தைச் செலுத்தும் பெற்றோராவோம். சிலர் அதனை வகுக்கும் நிர்வாகிகளும் ஆவோம். அன்று கணக்கேட்டைத் திறக்கும்போது, அதில் பெயரில்லாத ஆயாவையும் நாட்கூலித் தாயையும் ஒருசேர நினைப்போமாக.