நாற்பது என்றால் விலை ஏறிவிட்டதா?

காரைக்கால்

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பி.இ. (விலையைப் பங்குக்கான லாபத்தால் வகுத்த எண்) 40க்கு மேல் போன பங்கைத் தொடமாட்டேன், 5க்குக் கீழே என்றால் யோசிக்காமல் வாங்குவேன் என்று போனில் சொன்னாய். அந்த விதியை விட்டுவிடு, கண்ணு. ஏன் என்று சொல்கிறேன்.

வாஞ்சூர் செக்போஸ்டைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனால் பனங்குடி. அங்கே 1993-இல் சுத்திகரிப்பு ஆலை தொடங்கிய சென்னை பெட்ரோலியத்தின் கணக்கையே எடுத்துக்கொள். மொத்தப் பங்குகள் சுமார் 14.89 கோடி. உக்ரைன் போரால் சுத்திகரிப்பு லாபம் பொங்கிய 2022-23-இல் நிகர லாபம் 3,500 கோடி ரூபாய்க்கு மேல். பங்குக்குச் சுமார் 237. மார்ச் கடைசியில் பங்கு விலையோ 240 ரூபாயை ஒட்டி. பி.இ. ஒன்று! இந்த லாபம் நிலைக்காது என்று சந்தை நினைத்தது. மறு ஆண்டு லாபம் குறையத்தான் செய்தது. ஆனால் விலை 900-ஐத் தொட, பி.இ. 5-ஐ நெருங்கியது. 2024-25-இல் லாபம் 200 கோடிச் சொச்சத்துக்குச் சரிந்தது. பங்குக்கு 14 ரூபாய்தான். விலை 600 வாக்கில். பி.இ. 40-ஐத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தை இரண்டு முறை படி. 900-த்திலிருந்து 600-க்கு விலை இறங்கியிருக்கிறது, பி.இ. மட்டும் எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. பங்கு விலை கூடவில்லை, கீழே இருக்கிற லாபம் கரைந்தது. உன் விதிப்படி பார்த்தால் 900-த்தில் வாங்கியிருப்பாய், 600-இல் ஒதுங்கியிருப்பாய்.

2019-20-இல் அந்தக் கம்பெனிக்கு 2,000 கோடிக்கு மேல் நஷ்டம். நஷ்ட வருடத்துக்கு பி.இ. கிடையாது, அட்டவணையில் கோடு போட்டிருப்பார்கள். அதை நீ விட்டுவிடக் கூடாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்து, 2024-25 வரை ஆறு வருடத்தைச் சராசரி போட்டால் பங்குக்கு 65, 70 ரூபாய் வரும். அந்தக் கணக்கில் 600 ரூபாய் விலை ஒன்பது மடங்குதான். ஒன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, நாற்பதும் இல்லை. ராபர்ட் ஷில்லர் அமெரிக்கச் சந்தைக்குப் பத்து வருட லாபத்தைச் சராசரி போடுவதும் இதற்காகத்தான்.

சோப்பு, பற்பசை விற்கிற கம்பெனியில் லாபம் இப்படிக் குதிக்காது. அங்கே பழைய பி.இ.யோடு இன்றையதை ஒப்பிடலாம். எண்ணெய், இரும்பு, சர்க்கரையில் அது ஏமாற்றும்.

இன்னொன்று. 2021-இல் தேசியப் பங்குச் சந்தை, துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்து நிஃப்டியின் பி.இ.யைக் கணக்கிட ஆரம்பித்தது. 40-இல் இருந்த எண் ஒரே நாளில் 33 வாக்கில் இறங்கியது. நீண்ட கால வரைபடம் பார்க்கும்போது அந்த வெட்டு நினைவிருக்கட்டும்.

நீ வாங்க நினைக்கிற பங்குக்குப் பத்து வருட ஆண்டறிக்கைகளைப் பார். விலை, பங்குக்கான லாபம், பி.இ. மூன்றையும் தனித்தனி வரிசையில் எழுது. நஷ்டம் வந்த வருடத்தைச் சிவப்பு மையில் குறி. முடித்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை வாங்காதே.

அன்புடன்,
பெரியப்பா